விண்கலத்துக்குக் கட்டிய வெருளி

மூன்று பேர் நடக்கிற காட்சி அது. நான் நாலு பேரை எண்ணினேன்.

அரியாலையில், கடல்நீரேரி ஓரத்து வெளியில், வெயிலுக்குக் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்து கமராவோடு இணைத்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவே எங்கள் இரண்டாவது படத்தின் விண்கலம் நின்றது. அதிலிருந்து இறங்கிய மூன்று விண்வெளி வீரர்கள், நான் தைத்த புது உடுப்போடு சேற்றில் காலை வைத்து வைத்து நடந்து வந்தார்கள்.

முழங்காலில் துணி ஒழுங்காக மடிகிறதா என்பது மட்டும்தான் என் கவலை. ஆடை அமைப்பாளருக்குக் கதையும் வசனமும் பிறகுதான். மடிப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுச் சும்மா ஒருக்கால் எண்ணினேன். கலத்தின் முதுகில் இன்னொருவன் நின்றான். பழைய படத்து உடுப்பு. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அந்தத் தோளை வெட்டித் தைத்தவள் நான். அந்தத் தோளுக்கு உரியவன் செத்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அங்கே நிற்பது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நிமிர்ந்து கலத்தை நேரே பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். போன கிழமைப் பகுதியை வாசித்துவிட்டு, "ரீச்சர் எதைத் தொடங்கினாலும் சுற்றிவளைத்துத்தான் வருவா" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். நேராக வரத் தெரிந்திருந்தால் நான் இந்தக் கதையை எப்போதோ எழுதியிருப்பேன்.

தண்ணீர்த் தாங்கி விண்ணுக்குப் போனது

எங்கள் முதல் படத்து விண்கலம் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. வீட்டுக் கூரைக்கு மேலே வைப்பார்களே, அதேதான். அதைப் படுக்கப்போட்டு, வெள்ளிப் பூச்சு அடித்து, மூக்கில் ஒரு டிஷ் அன்ரனாவைப் பூட்டினோம். இயக்குநர் பிரதீபன், இணுவிலில் என்னிடம் தையல் படித்த ஒரு பிள்ளையின் தம்பி. கையில் காசில்லாதவன், கனவுக்குக் குறைவில்லாதவன். "ரீச்சர், நீங்கள் பள்ளிக்கூட நாடகத்துக்கு ராசா உடுப்புத் தைக்கிறனீங்கள்தானே, இதையும் தைச்சுத் தாங்கோ" என்று வந்து நின்றான். ராசாவுக்கும் விண்வெளி வீரனுக்கும் அவன் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

மழைக்கோட்டுத் துணிக்கு உள்ளே பஞ்சு வைத்து நாலு உடுப்புத் தைத்தேன். மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்துக்கு வெள்ளை அடித்தேன். முதுகில் ஒட்சிசன் பொதி வேண்டுமே. எங்கள் ஊர்த் தோட்டக்காரர் புகையிலைக்கு மருந்தடிக்க முதுகில் கொழுவுகிற தாங்கியைக் கழுவிப் பூட்டிவிட்டேன். எவ்வளவு கழுவியும் மருந்து மணம் போகவில்லை.

படம் திரையிட்ட முதல் நாள், மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "மருந்தடிக்கிற ஆள் வந்திட்டார், கிணத்தை மூடுங்கோ."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்க் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். அது அவமானம்தான், வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கோணல் தோள்

அந்தப் படத்தில் கப்டனாக நடித்தவன் நிமலன். உடுவில் ஊர்ப் பிள்ளை. தனியார் வகுப்பில் பௌதிகவியல் படிப்பித்தான். நடிப்பு அவனுக்குப் பெரிதாக வராது, ஆனால் அவன் நின்றால் கப்டன் நிற்கிறான் என்று நம்பலாம்.

அவனுக்கு அளவெடுத்த அன்றுதான் தோளைக் கவனித்தேன். முன்னொரு காலம் மோட்டார்சைக்கிளால் விழுந்து இடது தோள் இறங்கிப்போயிருந்தது.

"ஒரு துண்டுப் பஞ்சு வைச்சுச் சமப்படுத்தி விடுறன்" என்றேன்.

"வேண்டாம் ரீச்சர். இஞ்சை கோணலெண்டால் அங்கையும் கோணல்தானே. விண்வெளிக்குப் போனாப்போலை தோள் நிமிருமோ?"

அவன் கேட்டபடியே இடப்பக்கத்தை ஒரு விரற்கடை இறக்கி வெட்டினேன்.

படத்தின் முடிவில் கப்டன் கலத்துக்கு வெளியே திருத்தவேலைக்குப் போவான். கயிறு மட்டும் தளர்ந்து திரும்பி வரும். கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து உடுப்பைக் கழற்றித் தரும்போது நிமலன் பிரதீபனைப் பார்த்துச் சொன்னான். "அடுத்த படத்திலை என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ. அந்தரத்திலை விட்டுட்டுப் போயிடாதேங்கோ."

எல்லோரும் சிரித்தோம். சில மாதங்களுக்குப் பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆள் இல்லை. முப்பத்தைந்து வயது. மனைவி மேனகா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை. செத்தவீட்டில் அவள் அழுததைக் காணவில்லை. ஆட்கள் கழற்றிவிட்ட செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவருக்கும் பிடிபடாத சாமான்கள்

இரண்டாவது படம் தொடங்கியபோது நான் பிரதீபனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். பார்க்கிற ஆள் எந்தச் சாமானையும் தன்னுடைய வீட்டில் கண்டதாக நினைக்கக்கூடாது.

கலத்தைச் செய்தவர் தேவராசா அண்ணை. வடமராட்சிக் கரையில் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு மீன்பிடிப் படகு வார்க்கிறவர். ஒரு படகின் மேல் இன்னொரு படகைக் கவிழ்த்து மூடி, விளிம்பை இணைத்து, கூர்மூக்கை நீட்டி, சாம்பல் நிறம் பூசினார். இரண்டு படகு என்று ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். உள்ளே போனால் பிசின் மணம் மூக்கில் ஏறும். கதைத்தால் குரல் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பி வரும். அதற்குள் தனியே இருந்து ஒரு தையலைப் பிரிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

உடுப்புகளைப் பாய்மரத் துணியில் தைத்தேன். கன வருடம் அந்தரத்தில் அலைந்த ஆட்களின் உடுப்பு புதிதாகவா இருக்கும்? கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டேன், ஒட்டின் மேலும் ஒட்டுப் போட்டேன். முழங்கையில் தேயப் பண்ணினேன். தலைக்கவசத்தைத் தேவராசா அண்ணை ஒரு பெரிய சருவச்சட்டிக்கு மேல் வார்த்தெடுத்தார். சட்டி என்னுடையது, அந்த உண்மை எங்கள் இரண்டு பேரோடும் போகட்டும். கையில் பிடிக்கிற கருவிகளுக்கு நான் ஒரே ஒரு விதி வைத்தேன். ஒன்றிலும் பளபளப்பு இருக்கக்கூடாது, எல்லாவற்றிலும் விரல் பட்ட அழுக்கு இருக்கவேண்டும்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல நான் ஏன் வெட்கப்படவேண்டும்?

தேவராசா அண்ணை கேட்டது

கலம் பாதி எழும்பி நின்ற ஒரு நாள் தேவராசா அண்ணை என்னிடம் வந்தார்.

"ரீச்சர், ஒரு பழைய களிசானும் சேட்டும் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"வெருளி கட்டவேணும். ரோட்டாலை போற சனமெல்லாம் நிண்டு பாக்குது. கண்ணூறு படும். கவிட்ட படகு வேறை. எங்கடை ஆக்களுக்குக் கவிட்ட படகைப் பாக்கிறது நல்ல காட்சியில்லை."

எங்கள் பக்கத்தில் வீடு கட்டினால் ஒரு வெருளி கட்டித் தொங்கவிடுவது வழக்கம்தானே. உடுப்புக்குள் வைக்கல் அடைத்து, பானையில் தலை வைத்து, பார்க்கிறவர்களின் கண்ணெல்லாம் வீட்டில் படாமல் அதில் படட்டும் என்று விடுவார்கள். வீட்டுக்குக் குடிபுகுகிற குடிபூரல் நாளுக்கு முன்னம் அதை அவிழ்த்து எரிப்பார்கள். ஆனால் விண்கலத்துக்கு வெருளி கட்டின சனம் இந்தப் பூமியில் நாங்களாகத்தான் இருப்போம்.

என் வீட்டில் பழைய களிசான் இல்லை. றங்குப்பெட்டியில் பழைய படத்து உடுப்புகள் நாலும் கிடந்தன. அடுத்த நாள் ஒன்றை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எது யாருடையது என்று பார்க்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். அது பொய். பெட்டிக்குள் கையை விட்டதுமே இடது தோள்மூட்டு விரலில் பட்டது. தெரிந்துதான் எடுத்தேன்.

தையற்கடைச் சுவர்

இதற்கு இன்னொரு பழைய கதை இருக்கிறது. நான் குமர்ப்பிள்ளையாய் இருந்தபோது பட்டணத்தில் ஒரு தையற்கடையில் வேலை பழகினேன். சண்டை கிட்ட வர, ஒரு நாள் ஊரே பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போனது. தைத்து முடித்த உடுப்புகளைச் சுவர் ஆணியில் கொழுவியபடி விட்டுவிட்டுத்தான் நாங்களும் ஓடினோம்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தோம். ஓடு விழுந்து வெளிச்சம் உள்ளே வந்திருந்தது. உடுப்புகள் அப்படியே தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டு குத்தியிருந்தது. சில ஆட்கள் வந்து எடுத்தார்கள். பல பேர் வரவில்லை. வராத ஆட்களின் உடுப்புகளுக்குக் கீழே இருந்துதான் நான் பிறகு ஒரு வருடம் தைத்தேன். காற்றடித்தால் கைகள் அசையும். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைத்த உடுப்பில் அந்த ஆள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். தையல்காரி சொல்கிறேன், நம்பலாம்.

நிமலனின் உடுப்பு இரண்டு வருடம் என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. புதுப் படத்துக்குத் தைக்கும்போது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கவே எனக்குப் பயமாயிருந்தது. யாராவது அதை வெளியே கொண்டுபோனால் போதும் என்றிருந்த நேரத்தில் தேவராசா அண்ணை கேட்டார். நான் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

காலையிலிருந்து நிற்கிற ஐயா

வெருளியை அவர்கள் கட்டின அழகைச் சொல்லவேண்டும். வைக்கல் அடைத்து, பானையைத் தலைக்கவசத்துக்குள் வைத்து, இடுப்பைப் பின்னால் ஒரு தடியோடு கட்டிக் கலத்தின் முதுகில் நிறுத்திவிட்டார்கள். தொங்கவிட்டிருந்தால் வெருளியாகத் தெரிந்திருக்கும். நின்றபடியால் ஆளாகத் தெரிந்தது.

முதல் கிழமையே வேலையாட்களின் கதைகள் தொடங்கின. பின்னேரம் தெருவைப் பார்த்தபடி கட்டிவிட்டுப் போனால் காலையில் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறதாம். காற்றுக்குக் கயிறு முறுகும், இதுகூடத் தெரியாதா என்று நான் ஏசினேன். ஏசிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். மத்தியானம் அதன் நிழல் விழுகிற இடத்தில் ஒருவரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவில்லை.

நீரேரியில் வலை இழுக்கிற ஒருவர் ஒரு நாள் தண்ணீர் கேட்டு வந்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மேலே காட்டிக் கேட்டார்.

"அந்த ஐயா ஏன் கீழை இறங்கிறேல்லை? காலமை துடக்கம் நிக்கிறார். நாங்கள் கை காட்டினாலும் பேசாமல் நிக்கிறார்."

அது வைக்கல் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நம்பினாரோ தெரியாது.

படப்பிடிப்புக்கு முன்னம் அதைக் கழற்றுவதாகத்தான் ஏற்பாடு. கழற்றுகிற வேலையை ஒவ்வொருவரும் மற்றவரிடம் தள்ளினார்கள். கடைசியில் ஒருவரும் கழற்றவில்லை. அப்படித்தான் அன்று சின்னத் திரையில் நாலாவது ஆள் வந்து நின்றான்.

"இவ்வளவு நாளும் நிண்டிருக்கிறான்"

பிரதீபனும் எண்ணினான். எண்ணிவிட்டு, விரலை மடித்துத் திரும்பவும் எண்ணினான். முன்னால் வந்த மூன்று நடிகர்களும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று பேரும் முதல் படத்தில் நிமலனோடு நடித்தவர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கலத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சம்மதிக்கவில்லை.

"ரீச்சர்" என்றான் பிரதீபன், குரலைத் தாழ்த்தி. "கப்டன் எங்கையும் போகேல்லை. இவ்வளவு நாளும் கலத்துக்கு மேலைதான் நிண்டிருக்கிறான். உள்ளுக்கிருந்த ஆக்களுக்குத்தான் தெரியேல்லை. இதுதான் இனிக் கதை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல கதை என்றும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

"மேனகாவைக் கேளாமல் ஒரு துண்டும் படத்திலை வரக்கூடாது" என்றேன்.

"ஓம், கேக்கத்தான் வேணும். நீங்களே கேளுங்கோ ரீச்சர். எனக்கு அந்த முகத்தைப் பாத்துக் கேக்கேலாது."

உடுவில் வீட்டில்

மேனகா மாமியாரோடுதான் இருக்கிறாள். நிமலனின் அம்மா நல்ல கண்டிப்பான மனிசி. நான் போய் விறாந்தைக் கதிரையில் இருந்ததும் பிளேன்ரீ வந்தது. மாமியாரும் வந்து எதிரே இருந்தா. நான் ஊர்க்கதை கதைத்துவிட்டு எழும்பினேன். வாசற் படலை வரையும் மேனகா கூட வந்தாள். அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

"பிள்ளை, நிமலனின்ரை பழைய படத்து உடுப்பு ஒண்டு இருக்கு."

அவள் படலையைப் பிடித்துக்கொண்டாள். "அவரின்ரை உடுப்போ?"

"ஓம்."

"என்னட்டை அவர் முகம் துடைச்ச ஒரு லேஞ்சிகூட இல்லை, ரீச்சர். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்ச கையோடை மாமி எல்லாத்தையும் குடுத்திட்டா. வைச்சிருந்தால் போற ஆள் போகமாட்டாராம், வீட்டைச் சுத்துவாராம். போட்டுக் கழட்டின சேட்டு ஒண்டைத் தலையணைக்குள்ளை வைச்சிருந்தனான். அதையும் கண்டிட்டா." விறாந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கை கிடக்கு?"

"அரியாலையிலை."

அது எப்படி அங்கே கிடக்கிறது, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. நாளைப் பின்னேரம் படப்பிடிப்புக்கு ஓடுகிற வானை அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மடித்து வைத்த உடுப்பை ஒரு பையில் போட்டுக் கையில் தரப்போகிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

வானை நிப்பாட்டுங்கோ

அடுத்த நாள் மூன்றரை மணியளவில் நானும் அவளும் வானில் போனோம். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். இஸ்திரி போட்ட வெறும் பை.

அரியாலை வெளிப்பக்கம் திரும்பியதும் கலம் தெரிந்தது. அதன் மேல் அவன் தெரிந்தான்.

"வானை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

இறங்கி நடந்தாள். உப்புத் தரை அவள் காலுக்குக் கீழே நொறுங்கியது. நான் பின்னால் போனேன். வேலையாட்கள் எல்லோரும் செய்த வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். கலத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மேலே அந்தத் தலை காற்றுக்கு மெல்ல அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"வைக்கல்" என்றேன்.

"தலைக்குள்ளை?"

"பானை."

"ஆர் குடுத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான்" என்றேன்.

"இவ்வளவு நாளும் உங்களிட்டையே இருந்தது?"

"ஓம்."

"சொல்லேல்லை."

"ஓம் பிள்ளை. சொல்லேல்லை."

அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். ஏசவில்லை. கப்டன் கலத்துக்கு மேலேயே நிற்கிறதாகக் கதை மாறியதையும், அதற்கு அவளின் சம்மதம் வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவள் இறக்கித் தரச் சொன்னாள். தேவராசா அண்ணை ஏறி, தடியை அவிழ்த்து, ஆளைத் தூக்குகிற மாதிரி இரண்டு கைக்குள்ளும் போட்டு இறக்கினார். தரையில் கிடத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதை. இதை வீட்டை கொண்டுபோகக்கூடாது. வெருளிக்குப் போட்ட உடுப்பு. ஊர்க்கண் முழுக்க இதிலைதான் கிடக்கு. ஒண்டில் எரிக்கவேணும், இல்லாட்டிக் கடலிலை விடவேணும். குடியிருக்கிற வீட்டுக்குள்ளை வரப்படாத சாமான்."

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கே முழுதாக விளங்கியது. அவளிடம் அவன் போட்டிருந்த ஒரு துணியும் மிச்சமில்லை. மிஞ்சியிருந்த ஒன்றையும் நான் வீட்டுப்படி ஏறமுடியாத பொருளாக்கிவிட்டேன். எனக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அவளுடைய மாமியாருக்கு இருக்கிறது. அது போதும்.

மேனகா அதற்குப் பக்கத்தில் தரையில் குந்தி இருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிப் பானையை எடுத்து அப்பால் வைத்தாள். நெஞ்சில் இழுத்து மூடுகிற சிப்பைத் திறந்து வைக்கலை இழுத்தாள். ஒரு கையை முழங்கை மட்டும் உள்ளே விட்டு, மற்றக் கையால் துணியைப் பிடித்து, கைகால் எல்லாவற்றிலும் இருந்து வைக்கலைக் கடைசித் தும்பு வரையும் எடுத்துக் குவித்தாள். உதவிக்குக் குனிந்த என்னைக் கையால் மறித்தாள். வைக்கல் சரசரத்தது. பிறகு எழும்பி நின்று, தன்னுடைய சல்வாருக்கு மேலேயே அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டாள். கைகள் நீளம், கால்கள் நீளம். சிப்பை இழுத்து மூடியதும் இடது தோள் இறங்கியது.

தேவராசா அண்ணை ஓரடி பின்னுக்குப் போனார்.

அவள் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிரதீபனைப் பார்த்தாள். "வைக்கல் நிக்கவேண்டாம். நான் நிக்கிறன். உங்கடை படத்தை எடுங்கோ."

நாலாவது ஆள்

ஏணி பிடித்தோம். அவள் ஏறிப்போய் அதே இடத்தில் நின்றாள். வெயில் சரிந்து தண்ணீர் ஈயநிறமாகியிருந்தது. மூன்று நடிகர்களும் இறங்கி நடந்தார்கள். அன்று அவர்களுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. திரும்பிப் பார்க்கிற இடத்தில் ஒருவர் வசனத்தை மறந்தே போனார்.

நான் சின்னத் திரையில் பார்த்தேன். வைக்கல் நின்றபோது காற்றுக்கு அசைந்தது. இவள் அசையவில்லை. அது அவள் என்று எனக்குத் தெரியும், சிப்பின் நுனியைச் சரிபார்த்து ஏற்றிவிட்டவள் நான். என்றாலும் திரையில் நின்றது நிமலன். படம் வெளிவந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் அந்த நடிகர் என்று கேட்டு எத்தனையோ பேர் எழுதினார்கள். இன்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

இறங்கி வந்ததும் நான் சிப்பில் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"கழட்டப் போறேல்லை, ரீச்சர்."

பிறகு தேவராசா அண்ணையிடம் போனாள். "அண்ணை, வெருளியின்ரை உடுப்பைத்தானே வீட்டுக்குள்ளை கொண்டுபோகக்கூடாது. உடுத்துக்கொண்டு போற ஆளை மறிக்கிறதோ?"

அவர் தாடையைச் சொறிந்தார். "அப்பிடி ஒண்டு நான் கேள்விப்படேல்லை, பிள்ளை" என்றார்.

"நானும் கேள்விப்படேல்லை" என்றாள் மேனகா.

அப்படியே

வானில் அவள் தலைக்கவசத்தையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். துணிப்பை இருக்கையில் கிடந்தது. பட்டணத்தில் சந்திக்குச் சந்தி ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். அவள் முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அவளோடு கதைக்கலாம் என்று பல தடவை வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருப்பது யார் என்ற சந்தேகம் ஒவ்வொரு தடவையும் வந்து வாயை மூடியது.

உடுவிலுக்குப் போகும்போது விளக்கு வைக்கிற நேரம். படலையைத் திறந்து அவள் முன்னால் போனாள், நான் பின்னால். மாமியார் விறாந்தைக்கு வந்தா. முற்றத்தில் நிற்கிற உருவத்தைக் கண்டா. அப்படியே நின்றுவிட்டா.

 அந்த மனிசியின் பார்வை காலில் தொடங்கியது. மருமகளின் செருப்பை அவவுக்குத் தெரியும், யார் உள்ளே நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். பார்வை மெல்ல ஏறி இடது தோளில் வந்து நின்றது.

படிகளை விட்டு வெறுங்காலோடு இறங்கி வந்தா. கையை நீட்டி அந்தத் தோளைத் தொட்டா. இறக்கி வெட்டிய தையல் வழியே விரலை மெதுவாகக் கொண்டுபோனா, கழுத்தடியிலிருந்து கைமூட்டு வரைக்கும், திரும்பவும் கைமூட்டிலிருந்து கழுத்தடி வரைக்கும். மேனகா தோளைக் கொடுத்தபடி நின்றாள்.

"மாமி, உது வெருளிக்குப் போட்டது" என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மாமியார் தலையை ஆட்டினா. கையை எடுக்கவில்லை.

"கிணத்தடிக்குப் போய் முழுகவேண்டாம்" என்றா. "கழட்டவும் வேண்டாம். அப்பிடியே உள்ளுக்கு வா."

இரண்டு பேரும் படியேறிப் போனார்கள். என்னை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.